பரிவில் பத்துக்குப் பதினொன்று

அந்தப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி மற்றும் சீர்திருத்தத் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "கடைசியில கம்பி போட்ட கட்டடம்" என்று கேட்டால்தான் கையை நீட்டுவார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி. காலையில் ஒரு தடவை தலை எண்ணுவார்கள், மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கழிப்பறைக்குப் போவதானால்கூட ஒரு மர அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமே அங்கே கிடையாது, எல்லாருக்கும் எண்தான். துறைத்தலைவர் கரும்பலகையில் 'மனிதனை எண்ணாகப் பார்க்காதே' என்று பட்டையாக எழுதிவிட்டுத் திரும்புவார். "நாப்பத்தொண்ணு, எழுந்து நின்னு இதை விளக்கு பார்ப்போம்" என்பார்.

நாற்பத்தொன்று எழுந்து நின்று விளக்குவாள். விடுதியில் அவளுக்குப் பெயர் கப்பல்காரி.

கப்பல்காரிக்கும் கப்பலுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விடுதியில் சேர்ந்த புதிதில் அறைத்தோழி, "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள். அம்மா தவறிவிட்டாள், அண்ணன் ஒருவன்தான் என்றாள் இவள். "அண்ணன் என்ன பண்றாரு?" என்று அடுத்த கேள்வி வந்தது. எதிர்ச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது, அதில் ஒரு கப்பல் படம். "கப்பல்ல" என்று சொல்லிவிட்டாள்.

"எந்தக் கடல்ல?"

"பெரிய கடல்ல."

ஒரு பொய்யைச் சொன்னால் அதோடு விடுமா? அண்ணன் ஏன் போன் பண்ணுவதில்லை என்றால் கடலில் கோபுரம் கிடையாது, ஏன் ஊருக்கு வருவதில்லை என்றால் கரை தூரம், என்ன அனுப்பினான் என்றால் தபால் தாமதம். இரண்டு வருஷமாக அந்தக் கப்பலை அவள் ஒண்டி ஆளாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் இருந்தது மத்தியச் சிறையில். பல்கலைக்கழக வாசலில் பேருந்து ஏறினால் ஐந்தாவது நிறுத்தம்.

அவன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். வேலை பார்த்த பட்டறையிலேயே சாமான்களைக் கழற்றி வெளியே விற்றான். ஒரு நாள் காவலாளி கையும் களவுமாகப் பிடிக்க வந்தபோது தள்ளிவிட்டான், அந்த மனிதருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பொய் வழக்கு, பெரிய இடத்துச் சதி என்றெல்லாம் சொல்லி அவனை உத்தமனாக்க எனக்கு இஷ்டமில்லை. திருடினான், தள்ளினான், உள்ளே போனான். ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும். தங்கைக்கு வெயில் பட்டால் ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதனால் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது வெயில் அடிக்கிற பக்கமாக அவன் நடப்பான். அவன் நிழலில் இவள் நடப்பாள். அவன் அவளை 'வாலு' என்று கூப்பிடுவான்.

தண்டனை ஆன அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "காலேஜ்ல என்னைப் பத்தி வாயே தொறக்காத வாலு. உன் பொழப்பு கெட்டுடும்."

அவள் சொன்ன பேச்சைக் கேட்டாள். கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டாள். முதலில் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள், துறை மாணவர்கள் அந்தச் சிறைக்குக் களப்பணிக்குப் போவார்கள் என்று தெரிந்ததும் போவதை நிறுத்திக்கொண்டாள். யாராவது பார்த்துவிட்டால்?

அப்படியானால் இந்தத் துறையில் ஏன் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். அவள் கேட்டது வணிகவியல். சேர்க்கைக் கவுண்டரில் இருந்த குமாஸ்தா, "இதுல மட்டுந்தான்மா இடம் இருக்கு, சேர்ந்துக்க. குத்தம் நின்னு போற காலம் வரவா போகுது? வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்றார். அண்ணனை வெளியே கொண்டுவர ஏதாவது வழி படிப்பில் இருக்காதா என்று அவளுக்கும் உள்ளூர ஒரு நப்பாசை. முதல் வருஷம் முழுக்கத் 'திருந்துதல்' என்ற சொல்லின் வரையறையைப் படித்தார்கள். நாலு பக்கம். திருந்தியவன் வீட்டுக்குப் போவது பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இரண்டாம் வருஷத்தில் வந்தது பரிவுச் செய்முறைத் தேர்வு.

சிரிக்காதீர்கள், பாடத்திட்டத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு கைதியின் எதிரே உட்கார்ந்து பரிவு காட்ட வேண்டும், அதற்குப் பத்து மதிப்பெண். கண்ணைப் பார்ப்பதற்கு இரண்டு. தலையை மூன்று தடவை ஆட்டுவதற்கு மூன்று. தகுந்த இடத்தில் "ஓ, அப்படியா" என்பதற்கு இரண்டு. பெருமூச்சுக்கு ஒன்று. அழாமல் இருப்பதற்கு இரண்டு. அழுதால் அந்த இரண்டும் போச்சு, தொழில்முறைத் தூரம் குறைந்துவிட்டது என்று அர்த்தமாம்.

இதற்கு ஒத்திகை வேறு. துறையின் ஆய்வக உதவியாளர்தான் வருஷா வருஷம் கைதி வேஷம் கட்டுவார். நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தால் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வார். "இந்த வருஷம் என்ன குத்தம்ங்க சார்? போன வருஷம் மாதிரி கொலைதானா, இல்ல சின்னதா ஏதாச்சுமா?" என்று கேட்டுக்கொண்டு உட்காருவார். வரிசையாக மாணவர்கள் வந்து தலையாட்ட, அவர் குலுங்கிக் குலுங்கி அழுவார். கப்பல்காரி முறை வந்தபோது அவள் தலையை இரண்டு தடவைதான் ஆட்டினாள்.

"நாப்பத்தொண்ணு! மூணாவது எங்கே? மனிதாபிமானம்னா உனக்கு அவ்வளவு அலட்சியமா?" என்று துறைத்தலைவர் எகிறினார்.

தேர்வுக்குப் போகாமல் இருக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். காய்ச்சல் என்றாள். காய்ச்சலுக்கு அரசு மருத்துவர் சான்று வேண்டும், சான்றுக்குப் பதிவாளர் ஒப்பம் வேண்டும், அப்படியும் தேர்வை விட்டால் ஒரு வருஷம் போய்விடும் என்றார்கள். சிறையில் ஆயிரம் பேர் இருப்பார்கள், அவனையா கொண்டுவந்து உட்கார வைக்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

சிறைக் கூடத்தில் கண்காணிப்பாளர் வரவேற்புரை ஆற்றினார். "எங்க சிறையில எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. விடுதலையாகிப் போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பத் திரும்ப இங்கேயே வர்றாங்கன்னா பார்த்துக்குங்களேன்!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்துத் துறைத்தலைவர். அவருக்குத் தூசி ஒத்துக்காது, அதனால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார். "நான் முப்பது வருஷமா சிறைகளை ஆராய்ச்சி பண்றேன். இதுவரைக்கும் ஒரு கைதியோடகூடப் பேசி என் நடுநிலைமையைக் கெடுத்துக்கிட்டது கிடையாது. நீங்க இன்னைக்குப் பேசப் போறீங்க. ஜாக்கிரதை." அதற்கும் கை தட்டினார்கள்.

பிறகு நன்னடத்தைக் கைதிகள் ஆறு பேரைக் கூட்டிவந்து ஆறு மேசைகளில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது மேசையில் அண்ணன்.

முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள், ஆள் பாதியாக இருந்தான், ஆனால் உட்கார்ந்த தோரணை மாறவில்லை. ஒரு காலை மடக்கி இன்னொரு காலால் தட்டிக்கொண்டிருந்தான். ஆறு ஆறு பேராக நிறுத்தியிருந்த வரிசையில் எண்ணிப் பார்த்தாள். அவள் நிற்கிற இடத்துக்கு மூன்றாவது மேசைதான் வரும். சட்டென்று, "தலை சுத்துதுடி, நீ முன்னாடி போ" என்று அறைத்தோழியைத் தள்ளிவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் துறைத்தலைவர் பார்த்துவிட்டார்.

"வரிசையில என்ன சலசலப்பு? ஒழுக்கம் இருக்கா உங்களுக்கு? வரிசை அப்படியே திரும்பட்டும்! கடைசி ஆள் முதல்ல!"

வரிசை திரும்பியது. மூன்றாவது மேசை தப்பாமல் அவளுக்கே வந்தது.

உட்கார்ந்தாள். அண்ணன் நிமிர்ந்தான். ஒரு நொடி அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் ஆயுசுக்கும் மறக்க முடியாது. வாயைத் திறக்கப் போனவன், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். பக்கத்தில் மதிப்பெண் தாளோடு நின்ற துறைத்தலைவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தான். மலர்ந்த முகத்தை அவனே மடித்து வைத்துக்கொண்டான்.

"வணக்கங்க மேடம்" என்றான்.

அந்த இடத்திலாவது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாளா? "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். அம்மா வைத்த பெயரை அவன் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். "என்ன தப்புப் பண்ணீங்க?" என்று கேட்டாள். "திருடினேங்க மேடம். ஒருத்தர் காலையும் ஒடச்சுட்டேன். அவரு இப்ப எப்படி நடக்கிறாருன்னு தெரியல" என்றான். "ஓ, அப்படியா" என்றாள். இரண்டு மதிப்பெண்.

கடைசிக் கேள்வி கேட்டே ஆக வேண்டிய கேள்வி. "குடும்பத்துல யார் யார் இருக்காங்க?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யாரும் இல்லைங்க மேடம்."

பின்னால் நின்ற கண்காணிப்பாளர், "அடடே, என்னப்பா சொல்றே?" என்று குறுக்கே வந்தார். "நன்னடத்தை விடுதலைக்கு உன் பேரைத்தானே எழுதி வச்சிருக்கேன்? ரத்த சொந்தம் யாராச்சும் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போனாத்தானே விடுவாங்க? யாருமே இல்லைன்னா முழுத் தண்டனையும் முடியணும். இன்னும் நாலு வருஷம்யா!"

"இருக்கட்டும்ங்க ஐயா."

பூமி பிளந்து விழுங்கியிருந்தால் அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். பூமி அப்படியெல்லாம் பிளக்கவில்லை. அவள் மூன்றாவது தடவையும் தலையை ஆட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, அழாமல் எழுந்தாள். பத்துக்குப் பத்து.

திரும்பி வரும்போது துறைத்தலைவர் பேருந்தில் எழுந்து நின்று பேசினார். "நாப்பத்தொண்ணைப் பாருங்க! இன்னும் நாலு வருஷம்னு அந்தக் கைதிக்குச் சொல்றாங்க, முகத்துல ஒரு சலனம் உண்டா? கல்லு மாதிரி உக்காந்திருந்தா. அதுதான் பரிவு!"

அறைத்தோழி காதோரம் குனிந்து, "உன் கைதி பாவம்டி. நாதி இல்லாத ஆளு போல" என்றாள். கப்பல்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விடுதலைக் குழு மாதக் கடைசியில் கூடுகிறது என்று தெரிந்துகொண்டாள். தினமும் காலையில் இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்புவாள், பேருந்து நிறுத்தம் வரை போவாள், விடுதிப் பெண்கள் நாலு பேர் நிற்பார்கள், "எங்கே கப்பல்காரி கிளம்பிட்டே? அண்ணன் வர்றாரா?" என்பார்கள், திரும்பி வந்துவிடுவாள். சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்ப்பதை விட்டாள். அவன் 'யாரும் இல்லை' என்று சொன்னதைவிட, அதைக் கேட்டதும் தனக்கு உள்ளே ஒரு நிம்மதி ஓடியதே, அதுதான் அவளைத் தின்றது. சீ, நானும் ஒரு பிறவியா என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாள்.

இதற்கு நடுவில் துறையின் ஆண்டு விழா வந்தது. முழு மதிப்பெண் வாங்கியவள் மேடையில் துணைவேந்தர் முன்னால் அந்தப் பரிவை மறுபடி செய்து காட்ட வேண்டும், பதக்கம் தருவார்கள். எதிரே ஆய்வக உதவியாளர் கோடு போட்ட சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

துணைவேந்தர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நம்ம பல்கலைக்கழகத்துக்கும் சிறைச்சாலைக்கும் நடுவுல எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது, அதுதான் என் கனவு. துறைத்தலைவர் முக்கால்வாசி முடிச்சுட்டார்னு கேள்விப்பட்டேன்."

ஆட்டம் ஆரம்பித்தது. பெயர், குற்றம் எல்லாம் ஆயிற்று. "குடும்பத்துல யார் யார் இருக்காங்க?" என்று அவள் கேட்டாள். ஆய்வக உதவியாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாரும் இல்லைங்க மேடம்" என்றார்.

அவளுக்குள் என்னவோ அறுந்துபோனது. எழுந்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"பொய்! அவனுக்கு நான் இருக்கேன். அன்னைக்கு என் முன்னாடி உக்காந்திருந்தது என் கூடப் பொறந்த அண்ணன். நான்தான் தெரியாத மாதிரி இருந்துட்டேன். என் அண்ணன் கப்பல்ல எல்லாம் இல்ல, ஜெயில்ல இருக்கான். எனக்கு வெக்கமா இருக்கு. அவனை நெனைச்சு இல்ல, என்னை நெனைச்சு." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அரங்கத்தில் கூரை இடிகிற மாதிரி கைதட்டல். துணைவேந்தர் எழுந்து நின்று தட்டினார். துறைத்தலைவர் ஓடி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா! ஒரு கைதியைத் தன் சொந்த அண்ணனாவே நினைக்கிற அளவுக்கு எங்க துறை பயிற்சி கொடுத்திருக்கு!"

"இல்ல சார், நிஜமாவே அவன் என் அண்ணன்."

"ஆகா, இன்னும் வேஷத்தைக் கலைக்கலை பாருங்க! அழுததுக்கு ரெண்டு கழிக்கணும். ஆனா இதுக்கு மூணு கூட்டுறேன். பத்துக்குப் பதினொண்ணு!"

ஆய்வக உதவியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா அழுறே பாப்பா! இத்தனை வருஷமா அழுறேன், எனக்கு இப்படி வந்ததில்ல" என்றார். அவள் கீழே இறங்கி ஓடி அறைத்தோழியின் கையைப் பிடித்தாள். "நீயாவது நம்புடி. சத்தியமா அவன் என் அண்ணன்தான்."

"போடி! உங்கண்ணன்தான் கப்பல்ல இருக்காரே" என்று அவள் சிரித்தாள். "எனக்கே காது குத்துறியா?"

அவள் கட்டிய கப்பல் அவள் தலையிலேயே வந்து மோதியது. சரி, இவர்கள் நம்பாவிட்டால் போகட்டும், சிறையில் போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். விடுதலைக் குழு கூடுவதற்குள் வருகிற பார்வையாளர் நாளுக்குக் காத்திருந்தாள். அதற்குள் துறை சும்மா இருக்குமா? அவசரக் கூட்டம் போட்டுப் பாடத்திட்டத்தில் 'உறவுரிமை கோரல்' என்று ஒரு புதிய அலகைச் சேர்த்துவிட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் தொகுதி தொகுதியாகச் சிறை வாசலுக்குப் போய், முன்பின் தெரியாத கைதிகளைத் தம்பி என்றும் மாமா என்றும் கூப்பிட்டு அழுது மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இது எதுவும் அவளுக்குத் தெரியாது. அடையாள அட்டையைக் கழற்றி விடுதியில் வைத்துவிட்டு, தன் பிறப்புச் சான்றிதழும் அண்ணனுடையதும் அம்மா படமும் எடுத்துக்கொண்டு போனாள். நல்ல வெயில். தாய்மார்களும் மனைவிமார்களும் நின்ற வரிசையில் அவளும் நின்றாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. அவள் முறை வந்ததும் காவலர், "என்ன உறவு?" என்றார்.

"தங்கச்சி."

காவலர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "நீங்க அன்னைக்குப் பரீட்சைக்கு வந்த காலேஜ் மேடம்தானே? உங்களுக்கு இது ரெண்டாவது ரவுண்டா? எங்களைக் கொஞ்சம் வேலை பார்க்க விடுங்க தாயி. போன வாரம் மட்டும் ஒரே ஆளுக்கு நாலு அம்மா வந்துட்டாங்க."

"நான் நெஜமாவே தங்கச்சிங்க. சான்றிதழ் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"சான்றிதழ் கொண்டாந்தா அஞ்சு மார்க்கு, போட்டோவுக்கு ரெண்டு. எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "இப்பப் புது உத்தரவு. காகிதமும் செல்லாது, பழைய பார்வையாளர் பதிவேடும் செல்லாது. கைதி தன் வாயால சொந்தம்னு சொன்னா உள்ள விடுவோம், கையெழுத்தும் வாங்குவோம். அவ்வளவுதான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கூப்பிடுங்க, அவனையே கேளுங்க. அவன் சொல்வான்" என்றாள்.

அண்ணனைக் கூட்டிவந்தார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பல்கலைக்கழகப் பேருந்து வந்து நின்றது. இருபது முப்பது பிள்ளைகள் எழுதும் அட்டையோடு இறங்கினார்கள். முன்னால் கைக்குட்டையும் மூக்குமாகத் துறைத்தலைவர்.

"அடடா, நம்ம நாப்பத்தொண்ணு! தானா வந்து பயிற்சி எடுக்கறியா? பாருங்க பிள்ளைங்களா, இவங்கதான் அந்தப் பதினொண்ணு. கிட்ட வந்து கவனிங்க."

பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள். அண்ணன் துறைத்தலைவரைப் பார்த்தான். மதிப்பெண் தாளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதாவது எல்லாமே தப்பாகப் புரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, இந்தப் பொண்ணு உன் தங்கச்சின்னு சொல்லுது. உண்மையா?" என்று காவலர் கேட்டார்.

"சொல்லுண்ணே" என்றாள் அவள். "பயப்படாம சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இல்லைங்க ஐயா. இவங்க காலேஜ் மேடம். எனக்குத் தங்கச்சி கெடையாது."

"கேட்டீங்களா?" என்றார் காவலர். "பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆளு."

"எல்லாரும் எழுதிக்குங்க" என்றார் துறைத்தலைவர். "நிராகரிப்பு வந்ததும் முகத்தை எப்படி வச்சுக்கறாங்கன்னு பாருங்க."

காவலர் அண்ணனின் தோளைத் தொட்டுத் திருப்பினார். நாலு எட்டு நடந்தவன் நின்றான், திரும்பிப் பார்த்தான்.

"வெயில்ல நிக்காதீங்க மேடம்" என்றான். "உங்களுக்குத் தலைவலி வந்துடும்."

கதவு சாத்திக்கொண்டது. அவள் வலையைப் பிடித்து உலுக்கி, "அண்ணே! நான் வாலுண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பின்னால் நின்ற முதலாம் ஆண்டு மாணவர்கள் கை தட்டினார்கள்.